கரண்ட் பிடித்த பிறகு விடும் தவறுகள்

தெல்லிப்பழையிலோ மகரகமவிலோ உள்ள புற்றுநோய் ஆஸ்பத்திரியில் கரண்ட் பிடித்து, அதாவது கட்டிக்குக் கதிர்ச் சிகிச்சை எடுத்து முடித்து, முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வீடு வந்ததும் 'அது முடிந்த கதை' என்று நினைப்பதுதான் முதல் தவறு.

கதிர் கட்டியோடு நிற்பதில்லை. போகும் வழியில் இருக்கும் இரத்தக் குழாய்களின் உட்சுவரையும் காயப்படுத்துகிறது. நுண்ணிய குழாய்கள் மெல்ல மெல்ல அழிந்துபோகும். பெரிய நாடிகளின் சுவர் தடித்து, கொழுப்பு வேகமாகப் படியும். குளம் நிறைந்திருந்தாலும் வாய்க்கால் தூர்ந்தால் கடைசி வயல் காயும் அல்லவா, அதே கதைதான். சிலருக்கு 10, 20 வருடம் கழித்தும் இது வெளியே தெரியவரும்.

எங்கள் பக்கம் வெற்றிலை, புகையிலையால் வாய்ப் புற்றுநோய் அதிகம் என்பதால் பல்லைப் பற்றித்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். கரண்ட் பட்ட தாடைக்கு, அதிலும் கீழ்த்தாடைக்கு, இரத்த ஓட்டம் குறைவு. அங்கே பல்லைப் பிடுங்கினால் குழி ஆறாமல் எலும்பே செத்துப்போகலாம். அதனால் பழுதான பற்களைச் சிகிச்சைக்கு முன்பே பிடுங்கி, புண் ஆற இரண்டு மூன்று கிழமையாவது விட வேண்டும். தவறவிட்டவர்கள், 15 வருடம் போயிருந்தாலும், பல் வைத்தியரிடம் முதலில் கரண்ட் பிடித்ததைச் சொல்லுங்கள். உமிழ்நீரும் குறைந்திருக்கும், பல் சீக்கிரம் சொத்தையாகும். புளோரைட் பற்பசையை விடாதீர்கள். வெற்றிலைத் தட்டத்தை எடுத்து வைத்துவிடுங்கள், அதில் பேச்சுக்கே இடமில்லை.

கழுத்தில் பிடித்தவர்களுக்கு மூளைக்குப் போகும் நாடி சுருங்கலாம். ஒரு கை சற்று நேரம் மரத்து, வாய் கோணி, பிறகு சரியானால் 'களைப்பு' என்று படுத்துவிடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பிரஷர், கொலஸ்ட்ரோல் பார்ப்பதும் இவர்களுக்குக் கட்டாயம்.

இடது மார்பில் பிடித்தவர்கள் நெஞ்சு நோவை வாயு என்று இஞ்சி குடித்துச் சமாளிக்கக் கூடாது. கருப்பைக் கழுத்துக்குப் பிடித்தவர்களுக்கு வருடங்கள் கழித்து மலத்தில் இரத்தம் போனால், மூலம் என்று தாங்களே முடிவெடுத்து மருந்து வாங்கக் கூடாது. குடலில் சதை எடுத்துச் சோதிக்கும் முன் வைத்தியருக்குப் பழைய கதை தெரிந்தாக வேண்டும். அந்த இடமும் ஆற மறுக்கும்.

இதையெல்லாம் கேட்டுப் பயந்து சிகிச்சையே வேண்டாம் என்பது எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு. புற்றுநோய் 20 வருடம் காத்திருக்காது.

அப்புறம், சிகிச்சை விவரம் எழுதித் தந்த துண்டுகள். இடப்பெயர்வில் காணி உறுதியையே தொலைத்தவர்கள் நாங்கள், ஆஸ்பத்திரித் துண்டு எம்மாத்திரம்? எந்த வருடம், உடம்பில் எந்த இடம், எத்தனை நாள் என்று நினைவில் இருப்பதையாவது கிளினிக் கொப்பியில் எழுதுவித்து, ஒரு படம் எடுத்துப் பிள்ளையின் போனிலும் போட்டு வையுங்கள்.