அமெரிக்காவில் பிரிட்டன் ஜெயித்திருந்தால்? கதை எழுதுகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துதான் என் முதல் மாற்று வரலாற்றுக் கதையை வாசித்துக் காட்டினேன். அமெரிக்க விடுதலைப் போரில், 1781-ல் யார்க்டவுனில் பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸ் சரணடையவில்லை, வாஷிங்டன் பிடிபடுகிறார், லண்டனில் வாணவேடிக்கை. அப்புறம் 1783 டிசம்பரில் 24 வயதான இளைய வில்லியம் பிட் பிரிட்டனின் பிரதமராகிறார். கேட்டுக்கொண்டிருந்த ஓய்வுபெற்ற வரலாற்று வாத்தியார் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "தம்பி, தோத்ததாலதானே பிரதமர் நார்த் பிரபு 1782-ல பதவிய விட்டாரு? ஜெயிச்சிட்டா இந்தப் பையன் எப்படி உள்ள வந்தான்?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

இதுதான் எல்லோரும் செய்வது. போரின் முடிவை மட்டும் மாற்றிவிட்டு, அதனால் பதவிக்கு வந்தவர்களை அப்படியே விட்டுவிடுகிறோம்.

இன்னும் பெரிய சறுக்கல், ஜெயித்தால் உள்நாட்டில் சண்டை ஓய்ந்துவிடும் என்று நினைப்பது. 1780 ஏப்ரலில், யார்க்டவுனுக்கு ஒன்றரை வருஷம் முன்பே, அரசரின் செல்வாக்கு பெருகிவிட்டது, அதைக் குறைக்க வேண்டும் என்ற எம்.பி. டன்னிங்கின் தீர்மானம் மக்களவையில் 233-க்கு 215 என்று நிறைவேறியது. அரசர் ஜெயித்துவிட்டால் அந்தப் பயம் கூடத்தானே செய்யும்? அமெரிக்காவை அடக்கிய படை நாளை நம் பக்கம் திரும்பாதா என்று அரசரின் அதிகாரத்தை எதிர்த்த விக் கட்சிக்காரர்கள் கேட்பார்கள். நார்த்தோ போர் நடக்கும்போதே பலமுறை விலகக் கேட்டவர், அரசர்தான் விடவில்லை. வெற்றி கிடைத்த மறுநாளே அவர் மூட்டையைக் கட்டுவதாக எழுதினால் நான் நம்புவேன்.

அடுத்தது காசு. போர் முடிவதற்குள் பிரிட்டனின் கடன் ஏறத்தாழ இரட்டிப்பானது. கிராமத்து நிலக்கிழார்கள் பவுனுக்கு 4 ஷில்லிங், அதாவது ஐந்தில் ஒரு பங்கு, நிலவரி கட்டிக்கொண்டு பொறுத்திருந்ததே அமெரிக்கர்கள் தலையில் சுமை ஏறும் என்ற நம்பிக்கையில்தான். ஆனால் சமாதானத் தூது அனுப்பும்போது, வருவாய்க்காகக் குடியேற்றங்கள்மீது வரி போடமாட்டோம் என்று நாடாளுமன்றமே 1778-ல் சட்டம் போட்டுவிட்டது! அப்படியானால் 1781-ல் ஜெயித்து என்ன பயன்? சட்டத்தை ரத்து செய்தால் அங்கே மறுபடி கலகம், செய்யாவிட்டால் இங்கே நிலக்கிழார் கோபம், நடுவில் அங்கே நிறுத்திய படைக்குச் சம்பளம் வேறு. கதை இந்த இடுக்கில்தான் இருக்கிறது, போர்க்களத்தில் இல்லை.

அதனால் எந்த வருஷத்தில் ஜெயித்தார்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். 1776-ல் என்றால் அந்தச் சட்டமே இல்லை, பிரான்சும் அமெரிக்கர் பக்கம் போரில் இறங்கவில்லை, போரால் ஏறிய கடனும் கொஞ்சம்தான். 1781 என்றால் அயர்லாந்தில் தொண்டர் படை உரிமை கேட்டுத் துப்பாக்கியோடு நிற்கிறது, இந்தியாவில் மைசூரின் ஹைதர் அலி அன்று கர்நாடகம் எனப்பட்ட ஆற்காட்டு நவாபின் சீமைக்குள் இறங்கி ஒரு வருஷம் ஆகிவிட்டது. இரண்டும் வேறு வேறு லண்டன்.

தேர்தலை இன்றைய தேர்தல் மாதிரி காட்டுவது சின்னத் தவறு. அன்று மான்செஸ்டருக்குத் தனி உறுப்பினரே கிடையாது, ஆளில்லாத ஓல்டு சாரமுக்கு இரண்டு பேர். மக்கள் அலை என்று எழுதாதீர்கள்.

கதையை லண்டனோடு நிறுத்திவிடுவதும் உண்டு, நான் அதில் பெரிய ஆள். தோற்றுப்போன கார்ன்வாலிஸ்தான் 1786-ல் கவர்னர் ஜெனரலாக இந்தியாவுக்கு வந்தார், 1792-ல் திப்புவிடமிருந்து திண்டுக்கல்லை வாங்கியதும் அவர்தான். 1845-ல் அமெரிக்க மதுரை மிஷன்காரர்கள் மலையேறி வந்து பங்களா கட்டியதிலிருந்துதான் எங்கள் ஊர் கோடை வாசஸ்தலமானது. கார்ன்வாலிஸ் ஜெயித்து அமெரிக்காவிலேயே தங்கிவிட்டால்? அமெரிக்கா என்ற நாடே இல்லையென்றால் மலைக்கு யார் வந்திருப்பார்கள்? என் இரண்டாவது வரைவில் மிஷன்காரர்களை எடுத்துவிட்டேன். ஏரியை எடுக்க மனசு வரவில்லை. அதை உருவாக்கியது 1863-ல் லெவிஞ்ச் என்ற பிரிட்டிஷ் அதிகாரி, அவர் எப்படியும் வந்திருப்பார் என்று வாத்தியாரிடம் வாதாடிக்கொண்டிருக்கிறேன்.