முதல் வரியைக் கடைசியில் எழுதுங்கள்

பல ஆண்டுகள் வேதியியல் கற்பித்தவள் நான். பலர் சேர்ந்து எழுதித் திருத்தும் இணையக் கலைக்களஞ்சியமான விக்கியில் நான் எழுதிய முதல் பத்தி பசலைக்கீரையைப் பற்றியது. அதில் இரும்புச்சத்து மிக அதிகம் என்ற நம்பிக்கை எப்படிப் பிறந்தது? பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மானிய ஆய்வாளர் ஒருவர் தசமப் புள்ளியை ஓர் இடம் தள்ளி வைத்துவிட்டார், அளவு பத்து மடங்காகிவிட்டது. வகுப்பில் எத்தனையோ முறை சொன்ன கதை. நினைவிலிருந்து ஒரே மூச்சில் எழுதிச் சேமித்தேன். மாலைக்குள், கட்டுரையைப் பற்றி விவாதிப்பதற்கான பேச்சுப் பக்கத்தில் ஒரு பயனர் கேட்டிருந்தார்: “எந்த ஆய்விதழ்? எந்தப் பக்கம்?”

தேடினேன். கதையைச் சொல்பவர்கள் நிறையப் பேர் கிடைத்தார்கள். தடம் பிடித்துப் போனால் 1981இல் ஒரு பிரிட்டிஷ் மருத்துவ ஆய்விதழில் வந்த கட்டுரையில் போய் நின்றது. அந்தக் கட்டுரை தசமப் புள்ளிக்கு எந்த மூலத்தையும் காட்டவில்லை. 2010இல் குற்றவியல் ஆய்வாளர் ஒருவர் இதே தடத்தில் நடந்து, அப்படி ஒரு புள்ளிப் பிழை நேர்ந்ததற்குச் சான்று இல்லை என்று எழுதியிருந்தார். ஒரு தவறான நம்பிக்கையைத் திருத்த வந்த கதையே ஆதாரமற்றது! அன்று முதல் எந்தக் கட்டுரையையும் மூலத்திலிருந்துதான் தொடங்குகிறேன். விக்கியில் புதிதாக எழுத வரும் உங்களையும் அப்படியே தொடங்கச் சொல்கிறேன்.

தலைப்பு சிறியதாக இருக்கட்டும். ‘வேதியியல்’ வேண்டாம், ஒரு சேர்மம், ஒரு வினை, ஒரு கருவி போதும். அதே பொருளில் வேறு எழுத்துக்கூட்டலில் கட்டுரை இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். ஐதரசன், ஹைட்ரஜன் என இரு பெயரும் வழங்கும் மொழி நம்முடையது. ஒன்றைத் தலைப்பாக வைத்து, மற்றொன்றைத் தேடுபவரும் அங்கேயே வந்து சேர வழிமாற்று அமையுங்கள். கட்டுரை முழுவதும் அந்த ஒரே சொல்லைப் பயன்படுத்துங்கள்.

அடுத்து மணல்தொட்டி எனும் பயிற்சிப் பக்கத்தைத் திறந்துகொள்ளுங்கள். அங்கே எழுதிப் பழகுவதை யாரும் குறை சொல்வதில்லை. முதல் நாள் ஒரு வாக்கியம்கூட எழுத வேண்டாம். மூலங்களை மட்டும் வரிசைப்படுத்துங்கள்: நூல், ஆண்டு, பக்க எண், அந்தப் பக்கம் என்ன சொல்கிறது என்று உங்கள் சொல்லில் ஒரு வரி. பக்க எண்ணை அப்போதே குறிக்காமல் விட்டு, பின்னர் நானூறு பக்க நூலை மறுபடி புரட்டிய நாட்கள் எனக்கு உண்டு. இன்னோர் எச்சரிக்கை: விக்கியைப் பார்த்து எழுதப்பட்ட செய்திக் கட்டுரையை, விக்கிக்கே சான்றாகத் தராதீர்கள். அது தன் நிழலையே சாட்சிக்கு அழைப்பது போன்றது.

எழுதும்போது நூலை மூடி வையுங்கள். திறந்திருந்தால் அதன் தொடர்கள் உங்கள் கைக்கு வந்துவிடும். பிறமொழி நூலை வரிக்கு வரி தமிழாக்கித் தந்தாலும் அது நகல்தான். உடற்பகுதியை முதலில் எழுதுங்கள். முன்னுரை கடைசியில் வரட்டும், ஏனென்றால் கட்டுரை எதைச் சொல்கிறது என்பது அப்போதுதான் உங்களுக்கே தெளிவாகும். முன்னுரையின் முதல் வாக்கியம் வரையறை: இது என்ன, எந்தத் துறையைச் சேர்ந்தது. அதற்கு மேல் அதில் எதையும் ஏற்றாதீர்கள்.

குறியீடுகளைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. மீடியாவிக்கி மென்பொருளில் இயங்கும் விக்கிகளில் தலைப்பின் இருபுறமும் இரண்டு சமக்குறி இட்டால் உட்தலைப்பு. சொல்லின் இருபுறமும் மூன்று ஒற்றை மேற்கோள்குறி இட்டால் தடித்த எழுத்து. இரட்டைச் சதுர அடைப்புக்குறிக்குள் சொல்லை இட்டால் உள்ளிணைப்பு. மற்றவை பழகப் பழக வரும்.

மூலத்தைச் சுட்டும் மேற்கோளில்தான் கவனம் மிக வேண்டும். பத்தியின் இறுதியில் மொத்தமாக ஒன்றை வைப்பது பலருடைய வழக்கம். நாளை ஒருவர் நடுவில் ஒரு வாக்கியத்தைச் செருகுவார். அதுவும் உங்கள் மூலத்தில் இருப்பதாகவே தோன்றும். ஆகவே ஒவ்வொரு கூற்றையும் அடுத்து அதற்குரிய மேற்கோளை வையுங்கள். ஒரே நூலைப் பலமுறை காட்ட வேண்டுமானால் மேற்கோளுக்குப் பெயரிட்டு மீண்டும் அழைக்கலாம்.

நடைக்கு என்னிடம் ஒரு சோதனை உண்டு. ‘மாபெரும்’, ‘ஒப்பற்ற’, ‘உலகப் புகழ்பெற்ற’ ஆகியவற்றை அடித்துவிட்டுப் படியுங்கள். தகவல் எதுவும் குறையாது. ‘சமீபத்தில்’, ‘தற்போது’ என்பவற்றையும் ஆண்டாக மாற்றுங்கள். பத்து ஆண்டு கழித்துப் படிப்பவருக்கு உங்கள் ‘தற்போது’ எது என்று தெரியாது. அறிஞர்கள் முரண்பட்டால் யார் என்ன சொன்னார் என்று இரண்டையும் எழுதுங்கள். நடுவராகி உங்கள் முடிவைச் சேர்த்தால் அது சொந்த ஆய்வு. அதற்குரிய இடம் ஆய்விதழ்.

ஸ்காலர்பீடியா போன்ற சில விக்கிகளில் துறை வல்லுநர்கள் மதிப்பிட்ட பிறகே கட்டுரை ஏற்கப்படும். திறந்த விக்கியில் அந்த மதிப்பீடு வெளியிட்ட பின் நடக்கிறது. எழுதும் முறை இரண்டுக்கும் ஒன்றே.

சேமிக்கும்போது, எதை மாற்றினீர்கள் என்று சொல்லும் தொகுப்புச் சுருக்கத்தை வெறுமையாக விடாதீர்கள். ‘அணு நிறை திருத்தம், மேற்கோள் சேர்ப்பு’ என்ற நான்கைந்து சொற்கள், பின்னால் வருபவரின் அரை மணி நேரத்தை மிச்சப்படுத்தும். உங்கள் தொகுப்பை நீக்கி யாராவது பழைய நிலைக்கு மீளமைத்தால் உடனே திரும்ப மாற்றாதீர்கள். நீங்கள் எழுதிய பதிப்பு வரலாற்றுப் பக்கத்தில் பத்திரமாக இருக்கிறது. பேச்சுப் பக்கத்துக்குப் போங்கள், மூலத்தைக் காட்டுங்கள், பதிலுக்குக் காத்திருங்கள்.

என் பசலைக்கீரைப் பத்தியை அங்குதான் சரி செய்தோம், அந்தப் பயனரும் நானும். இப்போது அது இரண்டு வாக்கியம்: இப்படி ஒரு கதை பரவியிருக்கிறது, அதற்கு மூலச் சான்று இல்லை என்று ஆய்வு காட்டுகிறது. ஒவ்வொன்றையும் அடுத்து மேற்கோள், பக்க எண்ணோடு. மாற்றம் நடந்தால் தெரியும்படி அந்தப் பக்கம் இன்னும் என் கவனிப்புப் பட்டியலில் இருக்கிறது. அவ்வப்போது யாராவது வந்து தசமப் புள்ளிக் கதையை மறுபடி உண்மையாக எழுதிவிட்டுப் போகிறார்கள். நான் பேச்சுப் பக்கத்தில் அவர்களிடம் கேட்கிறேன்: எந்த ஆய்விதழ்? எந்தப் பக்கம்?