முட்டை மணலில் இருக்கும், கால் பார்த்து வையுங்கள்

ஆரம்பாக்கத்தில் படகு ஏறி இருக்கம் தீவுக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் பூநாரை பார்க்கத்தான் வருகிறார்கள். பழவேற்காடு ஏரிக்குள் இருக்கும் இந்தத் தீவு ஆந்திராவைச் சேர்ந்தது, போர்டெல்லாம் தெலுங்கு, பேச்சு மட்டும் தமிழ். பழவேற்காடு ஏரியின் ஆந்திரப் பக்கம் 1976-லும் தமிழ்நாட்டுப் பக்கம் 1980-லும் சரணாலயம் ஆனது. ஆனால் ஆள் வந்தால் பூநாரை எழும்பிப் போய்விடும். நம் காலடியில் மாட்டிக்கொள்வது வெறும் மணலில் முட்டையிடும் உப்புக்கொத்தி, சிறு ஆலா என்ற சின்னப் பறவைகள்தான்.

பங்குனியிலிருந்து ஆனி வரைக்கும் மணல் திட்டில் நடக்கிறீர்களா? தண்ணீர் ஓரமாக, ஈர மணலிலேயே நடங்கள். கூடு இருப்பது மேலே, காய்ந்த மணலில். கூடு என்று சொன்னாலும் அது ஒரு சின்னப் பள்ளம்தான், ஓரத்தில் நாலு கிளிஞ்சல் துண்டு, உள்ளே இரண்டோ மூன்றோ முட்டை, மணல் நிறத்தில் கறுப்புப் புள்ளியோடு. ஒரு முழம் தள்ளி நின்றாலும் தெரியாது. அதனால் முட்டையைத் தேடாதீர்கள், பறவையைப் பாருங்கள். ஓர் உப்புக்கொத்தி உங்கள் முன்னால் சிறகு முறிந்ததுபோல இழுத்துக்கொண்டு ஓடினால் அது நடிப்பு, உங்களைக் கூட்டிலிருந்து வேறு பக்கம் இழுத்துப்போகப் பார்க்கிறது. ஆலாவென்றால் தலைக்கு மேலேயே கத்திக்கொண்டு பாயும். இரண்டில் எது நடந்தாலும் அங்கேயே நில்லுங்கள், திரும்புங்கள், வந்த காலடித் தடத்திலேயே கால் வைத்துத் திரும்பிப் போங்கள்.

படம் எடுக்க ஐந்து நிமிஷம்தானே என்று தோன்றும். சித்திரை வெயிலில் அந்த மணலில் வெறுங்காலோடு நின்று பார்த்தால் புரியும். தாய்ப்பறவை அடைகாப்பது சூடு கொடுக்க மட்டும் இல்லை, நிழல் கொடுக்கவும்தான். உச்சி வெயிலில் ஏரிக்குப் போய் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டைமேல் உட்காரும். அதை எழுப்பிவிட்டால் முட்டை வெந்துவிடும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு தடவை ஒரு கூட்டைக் கண்டுபிடித்த பெருமையில், மறுநாள் நண்பனுக்குக் காட்ட அடையாளமாகப் பக்கத்தில் ஒரு குச்சி நட்டு வைத்தேன். மறுநாள் போனால் குச்சிமேல் காக்கை உட்கார்ந்திருக்கிறது, கீழே ஓடு மட்டும் கிடக்கிறது. கல், குச்சி, துணி, எந்த அடையாளமும் வைக்காதீர்கள்.

காக்கையையும் நாயையும் அந்தத் திட்டுக்கு வரவழைப்பதும் நாம்தான். கழித்த மீன், இறால் ஓடு, சாப்பிட்டு மிச்சமான சோறு, எல்லாவற்றையும் திரும்பக் கொண்டுபோய்விடுங்கள். தீவில் நாய் வளர்க்கிறவர்கள் இந்த மாதங்களில் மட்டுமாவது அதைக் கட்டிப் போடுங்கள். குஞ்சு பொரித்த சில மணி நேரத்திலேயே உப்புக்கொத்திக் குஞ்சு ஓட ஆரம்பித்துவிடும், ஆனால் பறக்க வாரக்கணக்கில் ஆகும், அதுவரை நாய்க்கு அது ஓடுகிற பந்து.

அப்புறம் வலை. கிழிந்த நைலான் வலையைக் கரையில் விடாமல் சுருட்டி எடுத்துப் போங்கள். நாரையோ கொக்கோ சிக்கியிருந்தால் முதலில் துண்டால் தலையை மூடுங்கள், கண் மறைந்தால் அடங்கிவிடும். அலகைக் கையோடு பிடித்துக்கொள்ளாமல் வேலை தொடங்காதீர்கள், அது நேராகக் கண்ணைத்தான் குத்தும். சிறகை உடம்போடு சேர்த்து அணைத்து, நூலைக் கத்திரியால் வெட்டுங்கள், இழுக்க வேண்டாம். ரத்தம் வந்தாலோ சிறகு தொங்கினாலோ வனத்துறைக்குச் சொல்லுங்கள். மீனும் தண்ணீரும் வாயில் திணிப்பது உதவி இல்லை.

சீமைக் கருவேலத்தை வெட்டலாமா என்று பையன்கள் கேட்கிறார்கள். சரணாலயத்துக்குள் வனத்துறை சொல்லாமல் கை வைக்காதீர்கள், வெறுமனே வெட்டினால் அடியிலிருந்து இரண்டு மடங்காகத் துளிர்க்கும், வேரோடுதான் எடுக்க வேண்டும்.

பூநாரைதான் பார்க்க வேண்டுமென்றால், சூளூர்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா போகும் சாலை ஏரிக்கு நடுவேதான் போகிறது, வண்டிக்குள்ளிருந்தே பாருங்கள். வண்டியைவிட இறங்கி நடக்கிற ஆளுக்குத்தான் அவை அதிகம் மிரளும். தலையைச் சேற்றில் விட்டு மேய்ந்துகொண்டிருந்த கூட்டம் மொத்தமும் கழுத்தை நிமிர்த்தினால், நீங்கள் ரொம்பக் கிட்டே வந்துவிட்டீர்கள். ட்ரோன் வேண்டவே வேண்டாம்.

பொங்கலுக்குத் தமிழ்நாட்டில் 2015-லிருந்து நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் சேர்ந்துகொள்ளலாம், ஒரே இடத்தில் கால் மணி நேரம் நின்று எண்ணி ஈபேர்டு (eBird) என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் போட்டால் போதும். கோடையில் தூரத்திலிருந்து எடுத்த கூட்டுப் படம் ஏதாவது போனில் இருந்தால், இடத்தைக் காட்டும் லொக்கேஷனை அணைத்துவிட்டு, ஆடி பிறந்ததும் போடுங்கள், குஞ்சுகள் அதற்குள் பறந்திருக்கும்.