டிவியில் எழுத்து மங்கினால் கேபிளை மாற்றாதீர்கள்

கோத்தகிரியில் டிவி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்புக்காக லேப்டாப்பை டிவியில் இணைக்கிறவர்கள், "எழுத்து தெளிவாக இல்லை, நல்ல கேபிளாகக் கொடுங்கள்" என்று வருகிறார்கள். தோட்ட வேலைக் கூலியில் வருகிற அந்தப் பணத்தை வாங்கிப் போட எனக்கு மனம் வருவதில்லை. எச்டிஎம்ஐ கேபிளில் போவது டிஜிட்டல் சிக்னல். கேபிள் கெட்டால் திரையில் புள்ளிகள் மின்னும், படம் விட்டுவிட்டு வரும், சில நேரம் வராமலே போகும். எழுத்து மங்காது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வீட்டுக்குள்ளேயே மேகம் புகுகிற ஊர் இது. முனையில் ஈரம் ஏறிக் களிம்பு பிடித்தாலும் புள்ளி மின்னும். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, நன்றாக உலரவிட்டுச் செருகுங்கள்.

மங்கலுக்குக் காரணம் பெரும்பாலும் படம் வழியில் இழுக்கப்படுவதுதான். விலை குறைந்த லேப்டாப் பலவற்றின் திரை 1366-க்கு 768 புள்ளிகள். ஃபுல் எச்டி டிவியோ 1920-க்கு 1080. இரண்டு திரையிலும் ஒரே படத்தைக் காட்டும்போது லேப்டாப் பெரும்பாலும் தன் சிறிய அளவையே அனுப்பும், டிவி அதை இழுத்து நிரப்பும். விண்டோஸ் பொத்தானுடன் 'பி'யை அழுத்தி 'செகண்ட் ஸ்கிரீன் ஒன்லி' என்பதைத் தேர்ந்தெடுங்கள். பிறகு டிஸ்பிளே செட்டிங்ஸில், 'ரெக்கமெண்டட்' என்று குறித்திருக்கும் அளவை வையுங்கள். பல வீடுகளில் வேலை இதோடு முடிந்துவிடும்.

முடியாவிட்டால் திரையின் கீழ் ஓரத்தைப் பாருங்கள். டாஸ்க்பார் பாதி வெட்டுப்பட்டிருந்தால், டிவி ஓரங்களை நறுக்கிவிட்டு மீதியைப் பெரிதாக்குகிறது என்று பொருள். பிக்சர் டியூப் காலத்தில் ஓரங்கள் ஒழுங்காக வராததால் வந்த வழக்கம், தட்டை டிவியிலும் தொடர்கிறது. படத்தின் அளவை மாற்றும் மெனுவுக்குப் போங்கள். எல்ஜியில் 'ஜஸ்ட் ஸ்கேன்', சாம்சங்கில் 'ஸ்கிரீன் ஃபிட்' அல்லது 'ஃபிட் டு ஸ்கிரீன்', சோனியில் 'ஃபுல் பிக்சல்' என்று இருக்கும்.

அளவு சரியாகியும் நிற எழுத்து மட்டும் கசிகிறதா? விண்டோஸில் இருக்கும் 'பெயிண்ட்' செயலியில் கருப்புப் பின்னணியில் சிவப்பாக ஒரு 'அ' எழுதி, திரைக்கு அருகே போய்ப் பாருங்கள். சுழியின் உட்புறம் சிவப்பு படர்ந்து அடைபட்டிருந்தால், அடுத்தடுத்த சில புள்ளிகளுக்குச் சேர்த்து ஒரே நிறத் தகவல்தான் திரைக்கு வருகிறது. சினிமாவில் இது கண்ணுக்குத் தெரியாது, எழுத்தில் தெரியும். பல சாம்சங், எல்ஜி டிவிகளில் அந்த எச்டிஎம்ஐ இன்புட்டின் பெயரை 'பிசி' என்று மாற்றினால் போதும், சுழி திறந்துகொள்ளும். என் கடையில் வாடிக்கையாளரை அருகே அழைத்து இதைக் காட்டாமல் விடமாட்டேன்.

எழுத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு தெரிந்தால், அது மறையும் வரை டிவியின் ஷார்ப்னெஸைக் குறையுங்கள். 4கே டிவியில் மவுஸ் அம்பு தத்தித் தத்தி நகர்ந்தால், லேப்டாப்பில் இருப்பது பழைய எச்டிஎம்ஐ 1.4 ஆக இருக்கலாம்; அதில் 4கே படம் நொடிக்கு 30 தடவைக்கு மேல் வராது. 1920-க்கு 1080 ஆக்கி, 60 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 60 தடவையில், வையுங்கள்.

கருப்பு சாம்பலாக வெளுத்தாலோ, இருட்டான இடங்கள் கருப்பில் முழுகினாலோ, கருப்பு முதல் வெள்ளை வரையான வெளிச்சத்துக்கு லேப்டாப் 0 முதல் 255 வரையும் டிவி 16 முதல் 235 வரையும், அல்லது மாறியும், கணக்கு வைத்திருக்கின்றன. டிவியின் 'பிளாக் லெவல்' அமைப்பை மாற்றிப் பாருங்கள்.