அறிவியல் நாவலில் ஓட்டை கண்டுபிடிப்பது எப்படி? 'ரிங்வேர்ல்டு' வைத்து ஒரு பயிற்சி

"இதெல்லாம் நடக்குமா?" என்று வாசகர்கள் மோதிக்கொள்ளும்போது, பாதி நேரம் ஆளுக்கொரு விஷயத்தைப் பேசிக்கொண்டிருப்பார்கள். அதைப் பிரித்துப் பார்க்கப் பழக, லாரி நிவென் 1970-ல் எழுதிய 'ரிங்வேர்ல்டு' அருமையான நாவல். நட்சத்திரத்தை நடுவில் வைத்து, சுமார் 15 கோடி கி.மீ. ஆரத்தில் சுழலும் ஒரு வளையம். அதன் உட்புறத்தில் உயிர்கள் வாழ்கின்றன.

படி 1: சலுகையைக் கொடுத்துவிடுங்கள். வளையம் செய்த பொருளுக்கு நம்பவே முடியாத வலிமை. அதை மறுத்தால் கதையே இல்லை. விட்டுவிடுங்கள்.

படி 2: கைப்பிழையை ஒதுக்குங்கள். நாயகன் தன் பிறந்தநாளை நீட்டிக்க ஊர் ஊராகத் தாவுகிறான். முதல் அச்சில் கிழக்கே போனான். நள்ளிரவு தாமதமாக வரும் மேற்கே போயிருக்க வேண்டும். பிறகு திருத்திவிட்டார்கள். கதைக்கு ஒரு சேதமும் இல்லை.

படி 3: எண்ணைச் சோதியுங்கள். வளையம் சுழல்வதால்தான் உட்புறத்தில் நிற்பவர்களுக்கு ஈர்ப்பு போன்ற விசை கிடைக்கிறது. அது பூமியளவு இருக்கத் தேவையான வேகம் = √(9.8 × ஆரம்). ஆரத்தை மீட்டரில் போடுங்கள். விநாடிக்குச் சுமார் 1,212 கி.மீ. வரும். நாவல் சொல்வது 770 மைல், அதாவது ஏறக்குறைய 1,240 கி.மீ. பரவாயில்லை, தேறிவிட்டது.

படி 4: வளையத்தை லேசாகத் தள்ளிப் பாருங்கள். பலரும் சறுக்கும் இடம் இதுதான். 'எல்லாப் பக்கமும் சமமாக இழுக்கிறதே, நகராது' என்று தோன்றும். உள்ளீடற்ற கோளத்துக்குள் விசை பூஜ்ஜியம் என்று பள்ளியில் படித்ததை அப்படியே வளையத்துக்குப் பொருத்திவிடுவோம். வளையம் கோளம் அல்ல.

சிமுலேஷன் ஆப் எதுவும் வேண்டாம்; விடையைக் காட்டும், காரணத்தை மறைத்துவிடும். தாளே போதும். ஆரம் 1 என்று வைத்து, வளையத்தில் நான்கு புள்ளிகள் குறியுங்கள். நட்சத்திரத்தை ஒரு புள்ளியை நோக்கி 0.1 நகர்த்துங்கள். தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப இழுப்பு குறையும். அருகிலுள்ள புள்ளி 0.9 தூரத்தில் இருப்பதால் அதன் இழுப்பு 1/0.81 = 1.23. 1.1 தூரத்தில் உள்ள எதிர்ப்புள்ளி பின்னால் இழுப்பது 1/1.21 = 0.83. பக்கவாட்டுப் புள்ளிகள் இரண்டும் சேர்ந்து பின்னால் இழுப்பது சுமார் 0.20, இதை விட்டுவிடாதீர்கள். மிச்சம் 0.2, அதுவும் அருகிலுள்ள பக்கமாகவே. விலகியது மேலும் விலகும், கடைசியில் மோதும்.

சனியின் வளையம் ஒரே திடப்பொருளாக இருக்க முடியாது என்று இயற்பியலாளர் மேக்ஸ்வெல் 1859-ல் காட்டியதும் இதே வழியில்தான். 1971-ல் பாஸ்டனில் நடந்த உலக அறிவியல் புனைகதை மாநாட்டில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. மாணவர்கள் "ரிங்வேர்ல்டு நிலையற்றது!" என்று கோஷமே போட்டார்கள். நிவென் கோபித்துக்கொள்ளவில்லை. இதன் தொடர்ச்சியாக வந்த நாவலில் வளையத்தின் விளிம்பில் உந்து எந்திரங்களைப் பொருத்தி, அந்தச் சிக்கலையே கதையாக்கிவிட்டார். என்னைக் கேட்டால், ஓட்டையை அடைக்க இதைவிட நேர்மையான வழி கிடையாது.

பின்சேர்க்கை: "சுழற்சி காப்பாற்றாதா?" என்று சிலர் கேட்டிருந்தீர்கள். காப்பாற்றாது. சீரான வளையம் எவ்வளவு சுழன்றாலும் நிறை பரவியிருக்கும் விதம் மாறாது. ஆகவே படி 4-ன் கணக்கும் மாறாது. ஆனால் வளையத்தை அதன் தளத்துக்குச் செங்குத்தாக, மேலேயோ கீழேயோ தள்ளினால் கதை வேறு: நட்சத்திரம் அதைத் திரும்ப இழுத்துவிடும். அந்தத் திசையில் மட்டும் ஆபத்தில்லை.