க்ரூஷியனும் டென்ச்சும்: மாலைத் தூண்டிலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜூன் கடைசியில் தென் இங்கிலாந்தில் சூரியன் மறைய இரவு ஒன்பதே கால் ஆகிவிடும். வேலை முடிந்து ஆறு மணிக்குக் குளக்கரைக்குப் போனாலும் மூன்று மணி நேரம் கையில் இருக்கும். க்ரூஷியன் கார்ப், டென்ச் என்ற இரண்டு குளத்து மீன்களையும் பிடிக்க அதைவிட நல்ல பொழுது கிடையாது. அப்படியும் "இன்றைக்கு மீனே கொத்தவில்லை" என்று திரும்புகிறவர்களைப் பார்க்கிறேன். பல நாள் மீன் கொத்தியிருக்கும், தக்கை அதைக் காட்டியிருக்காது.

க்ரூஷியன் இரையை வாயில் வாங்கும், மெல்லும், நின்ற இடத்திலேயே துப்பிவிடும். தக்கையின் நுனி ஒரு விரற்கடை நீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தால் இதில் எதுவும் தெரியாது. மெல்லிய நுனியுள்ள சின்னத் தக்கையை எடுத்து, நுனி வெறும் புள்ளியாகத் தெரியும்வரை எடைக்குண்டு சேர்க்க வேண்டும். அந்தப் புள்ளி அரை நொடி மறைந்தாலும் கொத்தல்தான், உடனே சுண்டுங்கள். சாயங்கால வெளிச்சத்தில் தண்ணீர் வெள்ளித் தகடு மாதிரி மின்னும்போது சிவப்பு நுனி கண்ணில் படாது, கறுப்பு நுனி நன்றாகத் தெரியும். இரண்டு நிறத்திலும் ஒவ்வொன்று பெட்டியில் இருக்கட்டும்.

எடைக்குண்டு என்று யோசித்துத்தான் எழுதினேன். நமக்கு வாயில் வருவது ஈயம். ஆனால் அன்னப்பறவைகள் ஈயக்குண்டுகளை விழுங்கி நஞ்சேறிச் செத்ததால், 0.06 கிராமுக்கு மேல் 28.35 கிராம் வரையான ஈய எடைகளுக்கு அங்கே 1987 முதல் தடை உண்டு. ஊரிலிருந்து எடுத்துப்போன பெட்டியில் ஈயம் இருந்தால் வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

ஆழம் பார்க்காமல் போடுவது அடுத்த தவறு. இரண்டுமே அடித்தரையில் மேயும் மீன்கள். இரை தரையிலிருந்து நாலு விரல் உயரத்தில் தொங்கினால் நாள் முழுக்கக் காத்திருக்க வேண்டியதுதான். தூண்டில் முள்ளில் கனமான குண்டு ஒன்றை மாட்டி ஆழத்தை அளந்த பிறகே இரை கோக்க வேண்டும். டென்ச்சுக்கு ஒரு பழைய முறை இருக்கிறது. முள்ளிலிருந்து இரண்டு அங்குலத்தில் ஒரே குண்டைத் தரையில் கிடத்துவார்கள். மீன் இரையை எடுத்துத் தலை நிமிரும்போது குண்டும் சேர்ந்து எழும், தக்கை மேலே வந்து படுத்துவிடும். தக்கை முங்கட்டும் என்று காத்திருந்தால் கொத்தல் போய்விடும், எழும்பும்போதே சுண்ட வேண்டும்.

தூர வீசும் ஆசையையும் விடுங்கள். வெயில் தாழ்ந்ததும் இந்த மீன்கள் அல்லி இலை ஓரத்துக்கும் நாணலடிக்கும் வந்துவிடும், சில சமயம் காலடியிலிருந்து இரண்டு மூன்று மீட்டருக்குள்ளேயே. அதனால் கரையில் தடதடவென்று நடப்பதும் வானம் பின்னால் தெரிய நிமிர்ந்து நிற்பதும் அந்த மாலையைக் கெடுத்துவிடும்.

இரை தூவுவதில் கை தாராளமாகிவிடுகிறது. ஆரஞ்சுப்பழ அளவு ரொட்டித்தூள் உருண்டைகளை நாலைந்து எறிந்தால் க்ரூஷியன் ஒதுங்கிவிடும். பத்துப் பன்னிரண்டு மேகட் என்ற ஈப்புழு, அல்லது பெல்லட் என்ற மீன் தீவன உருண்டையில் சின்னதாக நாலு, ஒரே இடத்தில், சில நிமிடத்துக்கு ஒருமுறை போதும். டென்ச் இன்னும் கொஞ்சம் தின்னும். டென்ச் சேற்றைக் கிளறினால் சோடா பொங்குவது போல நுண்ணிய குமிழிகள் கூட்டமாக எழும். அதைக் கண்டதும் தூண்டிலை எடுத்து அந்தக் குமிழி மேலேயே போடாதீர்கள். பொறுத்தால் அதுவே உங்கள் இரைக்கு வரும்.

தூண்டில் நரம்பில்தான் உண்மையான சிக்கல். க்ரூஷியனுக்கு 3 பவுண்டு எடை தாங்கும் நரம்பும் 16 அல்லது 18ஆம் எண் சின்ன முள்ளும் சரி. அதில் டென்ச் மாட்டி அல்லித் தண்டுக்குள் ஓடினால் நரம்பு அறுந்து, மீன் முள்ளோடு போகும். அல்லியை ஒட்டிப் போடுவதென்றால் 5, 6 பவுண்டு நரம்புக்கு மாறுங்கள். க்ரூஷியன் கொத்தல் குறைந்தால் குறையட்டும், மீன் வாயில் முள்ளோடு திரிவதைவிட அது மேல்.

13 வயதிலிருந்து தூண்டில் உரிமம் கட்டாயம். ஆறுகளில் மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை இந்த மீன்களைப் பிடிக்கக் கூடாது. பெரும்பாலான குளங்களுக்கு அந்தத் தடை இல்லை, ஆனால் குளத்துக்காரர் விதி தனி. குளத்துக்காரர் அனுமதி இல்லாமல் மீனை வீட்டுக்குக் கொண்டுபோவதும் குற்றம். பிடித்தால் குழம்பு என்று வளர்ந்த நமக்கு இது மனசுக்குப் பழக நாளாகும். ஆனால் க்ரூஷியன் அங்கே அருகிவரும் மீன். பண்ணைக் குளங்கள் தூர்ந்தன, தங்கமீனோடும் கார்ப்போடும் கலந்து இனம் கெட்டது. மீசை இல்லாமல், முதுகுத் துடுப்பின் விளிம்பு வெளிப்பக்கமாக வளைந்திருந்தால் பெரும்பாலும் அசல். உட்பக்கம் குழிந்திருந்தால் தங்கமீன் ரத்தம் கலந்திருக்கலாம். எதுவானாலும் வேறு குளத்துக்கு மாற்றாதீர்கள்.

தொடும்முன் கையை நனையுங்கள். டென்ச்சின் உடம்பில் கெட்டியான வழுவழுப்பு இருக்கும், உலர்ந்த கையும் துணியும் அதை உரித்துவிடும். நுனியில் எதிர்க்கொக்கி இல்லாத தூண்டில் முள் என்றால் விரலாலேயே கழன்றுவிடும். பிறகு கைவலையோடு தண்ணீரில் இறக்கி, மீன் தானாக வால் அசைக்கும்வரை பிடித்திருங்கள்.