பள்ளியில் உங்கள் மகளுக்கு மட்டும் தண்டனை விழும்போது செய்ய வேண்டியவை

"திமிர்", "வாய்த்துடுக்கு", "எதிர்த்துப் பேசுகிறாள்" ஆகிய மூன்றும் குற்றங்களின் பெயர்கள் அல்ல. ஒரு பிள்ளையைப் பார்ப்பவரின் மனத்தில் உள்ள அபிப்பிராயங்கள். காவிரி டெல்டாவில், கறுத்த நிறம் கொண்ட, கூலி வேலைக்குப் போகும் குடும்பத்திலிருந்தோ காலனித் தெருவிலிருந்தோ வருகிற சிறுமிகள் மீதுதான் இச்சொற்கள் எளிதாக வீசப்படுகின்றன என்பது நான் கண்டது. அமெரிக்காவில் இதற்கு அரசின் கணக்கே இருக்கிறது. அங்குள்ள பொதுப் பள்ளிகளின் மாணவிகளில் கறுப்பினச் சிறுமிகள் 15 சதவீதம் மட்டுமே. ஆனால் 2017-18 கல்வியாண்டில் பள்ளிக்கு வராதபடி இடைநீக்கம் செய்யப்பட்ட மாணவிகளில் அவர்கள் 45 சதவீதம். ஒரே மாதிரி நடந்துகொண்ட வெள்ளையினச் சிறுமிகளைவிட அவர்களுக்குக் கடுமையான தண்டனை கிடைத்ததையும், "மரியாதைக் குறைவு", "கீழ்ப்படியாமை" போன்ற தெளிவற்ற குற்றச்சாட்டுகளில் இது நிகழ்ந்ததையும் அந்நாட்டு அரசின் தணிக்கை அமைப்பு 2024-இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. ஆகவே பெற்றோரின் முதல் வேலை, அபிப்பிராயத்தை விலக்கிவிட்டு, நடந்த செயல் என்ன என்பதைப் பள்ளியைச் சொல்லவைப்பதுதான்.

அன்று மாலையே மகளிடம் நிதானமாகக் கேளுங்கள். "நீ என்ன பண்ணித் தொலைத்தாய்?" என்று தொடங்கினால் அவள் வாயே திறக்கமாட்டாள். எந்தப் பாடவேளை, ஆசிரியர் சொன்ன வார்த்தை என்ன, அவள் சொன்ன பதில் என்ன, பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பவற்றை அவள் சொல்லும் சொற்களிலேயே தேதியிட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். நடவுக் காலத்தை எண்ணிப் பாருங்கள்: தாய் விடியுமுன்பே வயலுக்குப் போய்விட, தம்பியை எழுப்பிக் குளிப்பாட்டி அங்கன்வாடியில் விட்டுவிட்டு ஓடிவரும் ஏழாம் வகுப்பு மாணவி டவுன் பஸ்ஸைத் தவறவிட்டுப் பத்து நிமிடம் தாமதமாக வருகிறாள். அவளோடு வந்த இன்னொருத்தி "சரி, உள்ளே போ" என்று அனுப்பப்படுகிறாள். இவளோ, காரணம் சொல்ல வாயெடுத்ததற்காக, கொடிக்கம்பத்தருகே வெயிலில் முட்டிபோட வைக்கப்படுகிறாள். நோட்டில் இடம்பெற வேண்டியது இந்த வேறுபாடே. உடலில் காயம் இருந்தால் புகைப்படம் எடுத்துவிட்டு, அரசு மருத்துவமனையில் காட்டிச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

தலைமை ஆசிரியரைப் பார்க்கத் தனியாகப் போகாதீர்கள். உறவினர் ஒருவரையோ பள்ளி மேலாண்மைக் குழுவில் உள்ள ஒரு தாயையோ உடன் அழைத்துச் செல்லுங்கள். அக்குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்பது சட்டம். குரலை உயர்த்தாமல் கேட்க வேண்டியவை: என் மகள் செய்த செயல் எது? அது எந்த விதிக்கு மாறானது? அதே செயலைச் செய்த மற்றவர்களுக்கு என்ன தண்டனை? மூன்றாவது கேள்விக்குப் பதில் வருவது கடினம், ஆனால் அதை விடக்கூடாது. மற்ற பிள்ளையையும் தண்டிக்கச் சொல்வது நம் நோக்கமல்ல என்பதையும் அங்கேயே தெளிவுபடுத்திவிடுங்கள். மன்னிப்புக் கடிதம் எழுதித் தரச் சொன்னால், படித்துப் பார்க்காமலும், செய்யாததைச் செய்ததாக ஒப்புக்கொண்டும் கையெழுத்துப் போடாதீர்கள்.

"டி.சி. கொடுத்து அனுப்பிவிடுவோம்" என்ற மிரட்டலுக்குப் பல பெற்றோர் அஞ்சி அடங்கிவிடுகிறார்கள். கல்வி உரிமைச் சட்டம், 2009-இன் 16-ஆம் பிரிவின்படி எட்டாம் வகுப்பை முடிக்கும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து வெளியேற்ற முடியாது. 17-ஆம் பிரிவு உடல்ரீதியான தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. மீறுபவர் மீது துறை நடவடிக்கை எடுக்கலாம்.

பேசித் தீரவில்லையென்றால் மனு எழுதுங்கள். ஒரு பக்கம் போதும். "என் மகளை அவமானப்படுத்திவிட்டார்கள்" என்பதைவிட, "இன்ன தேதி காலை வழிபாட்டின்போது, தலையில் ரிப்பன் கட்டவில்லை என்று கூறி என் மகளை இரண்டு பாடவேளைகள் வகுப்புக்கு வெளியே நிறுத்தினார்கள், ரிப்பன் இல்லாமல் வந்த மற்றவர்கள் வகுப்பில் அமர அனுமதிக்கப்பட்டார்கள்" என்ற வாக்கியத்துக்கு வலு அதிகம், ஏனெனில் அதை விசாரித்து உறுதி செய்ய முடியும். தலைமை ஆசிரியரிடம் கொடுத்து நகலில் முத்திரையுடன் ஒப்புகை வாங்குங்கள். அவர் மறுத்தால் முதன்மைக் கல்வி அலுவலருக்கு அனுப்புங்கள், அல்லது மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமைதோறும் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் கொடுங்கள். அவசரமென்றால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும், பள்ளிக் கல்வித் துறையின் 14417 என்ற எண்ணையும் அழைக்கலாம். மாநிலக் குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையத்திடமும் முறையிடலாம்.

பட்டியலினப் பிள்ளையை, பட்டியலினத்தையோ பழங்குடியினத்தையோ சேராத ஒருவர் பிறர் முன்னிலையில் சாதிப் பெயரைச் சொல்லித் திட்டியிருந்தால், அது பள்ளிக்குள் பேசி முடிக்கும் விஷயமே அல்ல. அது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் குற்றம். காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். ஊர்ப் பெரியவர்கள் சமரசம் பேச வருவார்கள். பள்ளிக்கும் வீட்டுக்கும் இடையே நாளும் நடந்து போக வேண்டியவள் அவள்தான் என்பதால், அவளிடம் கேட்காமல் எதற்கும் சம்மதிக்காதீர்கள்.

மனு கொடுத்தபின் சில வாரங்களுக்கு அவளை எங்கே உட்கார வைக்கிறார்கள், நோட்டைத் திருத்துகிறார்களா, தோழிகளை அவளோடு பேசவிடாமல் தடுக்கிறார்களா என்று மாலைதோறும் சாதாரணமாக விசாரியுங்கள். பழிவாங்கும் அறிகுறி எது தெரிந்தாலும் அதே நோட்டில் தேதியிட்டு எழுதி, முந்தைய மனுவின் ஒப்புகை நகலை இணைத்து, அடுத்த மனுவை மேல் அலுவலருக்கு அனுப்புங்கள்.